10.9 வோல்ட் சொன்ன பொய்

மூன்று வருடமாக வேலூரில் பாலாற்று மணலில் மாதிரி விமானம் ஓட்டுகிறேன். மழைக்காலம் போக மீதி நாளெல்லாம் ஆறு நமக்குத்தானே. அப்துல்லாபுரம் விமான நிலையத்தின் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுப்பதில்லை. இதற்குள் இரண்டு விமானம் மாறிவிட்டது. பேட்டரி வகை மாறவில்லை. 2200 எம்ஏஎச் கொள்ளளவு, மூன்று செல் கொண்ட லித்தியம் பாலிமர். முழுதாக ஏற்றினால் செல்லுக்கு 4.2, மொத்தம் 12.6 வோல்ட்.

முதல் வருடம் அந்த மொத்தத்தை மட்டும்தான் பார்த்தேன். ஒரு மாலை, இறக்கியதும் மீட்டரில் 10.9. செல்லுக்கு 3.6 சொச்சம் வருகிறது, இன்னும் ஒரு சுற்றுக்குத் தாங்கும் என்று மறுபடி பறக்கவிட்டேன். ஆற்றின் குறுக்கே திருப்பும்போது மோட்டார் நின்றது. இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சர்வோக்களுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்ததால் கரையோரச் சீமைக்கருவேலத்தில் கொண்டுபோய்ச் சொருக முடிந்தது. முள் குத்திய கையோடு வீட்டுக்கு வந்து செல் செல்லாக அளந்தேன்: 3.72, 3.71, 3.18. ஓய்விலேயே 3.18 என்றால் மோட்டார் இழுக்கும்போது அந்த செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போயிருக்கும். அங்கே போன செல் பழைய பலத்துக்குத் திரும்புவதில்லை.

மோட்டாரை நிறுத்தும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி காப்பாற்றும் என்று நம்பியிருந்தேன். என்னுடையது மொத்தம் 9.6க்கு இறங்கினால்தான் நிறுத்தும். இரண்டு செல் 3.5இல் இருந்து மூன்றாவது 2.7க்கு விழுந்தாலும் கூட்டினால் 9.7, அதன் கணக்கில் எல்லாம் நலம்.

அதன்பிறகுதான் ஒவ்வொரு செல்லையும் தனியாக அளக்க உதவும் பேலன்ஸ் ஒயரில் செருகும் சிறிய அலாரம் வாங்கினேன். எந்த ஒரு செல்லும் பறக்கும்போதே 3.5ஐத் தொட்டால் கத்தும். அப்போது இறக்கினால், சற்று ஆறியபின் செல்லுக்கு 3.7 அளவுக்கு ஏறி நிற்கிறது. மறுபடி சார்ஜ் செய்கையில் 1,650 எம்ஏஎச் வரை ஏறுகிறது, அதாவது முக்கால் பங்குதான் செலவாகியிருக்கிறது. கால் பங்கு வீணா என்று கேட்பவர்களை அந்தக் கருவேலத்துக்கு அழைத்துப் போகிறேன்.

அலாரத்திலும் குறை உண்டு. எதிர்காற்றில் தூரம் போனால் காதில் விழாது. அதனால் ரிமோட்டில் ஆறு நிமிட டைமரும் வைத்திருக்கிறேன். அலாரத்தைக் கழற்ற மறந்தால் அதுவே பேட்டரியை மெல்ல உறிஞ்சிவிடும். ஒன்றை அப்படித்தான் பலி கொடுத்தேன்.

வேலூர் வெயில் தனிக் கதை. கத்திரியில் முழு சார்ஜோடு ஒரு வாரம் அலமாரியில் கிடந்த பேட்டரி பூரி போல உப்பிவிட்டது. அன்றிலிருந்து பறக்காத நாளில் செல்லுக்கு 3.8தான், கிளம்புவதற்கு முன்பு காலையில், 2.2 ஆம்பியரில், பக்கத்தில் உட்கார்ந்தபடி ஏற்றுகிறேன்.

நான்கில் இரண்டு பேட்டரி மிச்சம். அவையும் இப்போது ஐந்து நிமிடத்திலேயே கத்துகின்றன. எனக்கு முன்பே அக்கா மகனுக்குக் கேட்டுவிடுகிறது: "மாமா, கூப்பிடுகிறது, இறக்குங்கள்."