மீக்கடத்திக் காந்தத்துக்கு எது பொருந்தும்: ஹீலியத் தொட்டியா, ஓடும் ஹீலியமா?

கடுங்குளிரில் மின்தடையின்றி மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்தியால் ஆன காந்தச் சுருளைத் திரவ ஹீலியத்தில் மூழ்கவைப்பதா, கடத்தியின் ஊடே ஹீலியத்தை ஓடவிடுவதா என்று வேலூரில் பொறியியல் பயிலும் மாணவர்கள் கேட்பதுண்டு.

குளிர்ச்சி:
தொட்டியில் ஹீலியம் 4.2 கெல்வினில் (சுமார் −269 டிகிரி செல்சியஸ்) கொதித்தபடியே வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் வெப்பநிலை தானாகவே நிலைத்து நிற்கிறது.
ஓட்ட முறையில், மாறுநிலை அழுத்தமான (அதற்கு மேல் திரவம் கொதித்து வாயுவாகப் பிரியாத அழுத்தம்) 2.27 பாருக்கு மேல் வைத்த ஹீலியம் எஃகு உறைக்குள் கடத்தி வடத்தின் இழைகளிடையே பாய்கிறது. குமிழிகள் தோன்றுவதில்லை, ஆனால் செல்லச் செல்லச் சூடேறுகிறது.

உறுதி:
என் பார்வையில் பெரிய காந்தங்களுக்கு இதுவே முதன்மையான அளவுகோல். தொட்டி முறையில் ஹீலியம் நுழையச் சுற்றுகளிடையே இடைவெளி விட வேண்டியிருப்பதால் சுருளின் விறைப்பும் மின்காப்பும் குறைகின்றன.
ஓட்ட முறையிலோ எஃகு உறையைச் சுற்றிக் கண்ணாடி இழையும் எப்பாக்சி என்னும் பிசினும் முழுமையாகப் பொதியப்படுவதால், சுருள் பெரும் காந்த விசையையும் பல ஆயிரம் வோல்ட்டையும் தாங்குகிறது.

செலவு:
தொட்டிக்கு ஹீலியம் மிகுதியாக வேண்டும். இந்தியாவோ அதை இறக்குமதி செய்கிறது.
ஓட்டத்துக்குக் குறைவாகவே போதும். எனினும் சுழற்சிப் பம்பு உண்டாக்கும் வெப்பத்தையும் குளிரூட்டி நிலையமே அகற்ற வேண்டும். உறையில் கசிவு ஏற்பட்டால் இடத்தைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

எம்.ஆர்.ஐ. கருவி போன்ற, மாறாத புலம் கொண்ட காந்தங்களுக்குத் தொட்டியே தக்கது. பிரான்சின் ஐட்டர், காந்திநகரின் எஸ்.எஸ்.டி.-1 போன்ற அணுக்கரு இணைவுக் கருவிகளுக்கு ஓட்ட முறையே ஏற்றது. அவ்விரண்டும் அதையே கொண்டுள்ளன.