பிளக்கைப் பிடுங்கினால் எது தாங்கும்? முரட்டு லேப்டாப்பும் கைக்கடக்கமான லேப்டாப்பும்

கடைசியில் இரண்டு லேப்டாப்களில் வந்து நின்றது தேர்வு. ஒன்று, 16 அங்குலத் திரை, இன்டெலின் எச்எக்ஸ் வரிசை பிராசஸர், என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் என்று எல்லாவற்றையும் அடைத்து வைத்த முரட்டு ரகம். இன்னொன்று, ஆப்பிளின் எம்4 ப்ரோ சிப் போட்ட 14 அங்குல மேக்புக் ப்ரோ. நான் வாங்கியது இரண்டாவதை. வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு, கூடவே நிறைய போட்டோ வேலை. முதல் ரகம் உடன் வேலை செய்பவரிடம் இருக்கிறது, அவசரத்துக்கு நானும் அதில் உட்கார்வதுண்டு. காசு போட்டு வாங்கியவன் எழுதுவது என்பதால் தராசு என் பக்கம் கொஞ்சம் சாய்ந்தேதான் இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடலாம். பெரியதில் திரை விசாலம், கீபோர்டில் பெரும்பாலும் வலது பக்கம் எண்களுக்குத் தனிப் பகுதி, போர்ட்கள் தாராளம். மேக்புக் 1.6 கிலோ. முரட்டு ரகங்கள் சுமார் இரண்டரை கிலோவில் தொடங்கி மேலே போகும். எம்எஸ்ஐ டைட்டன் 18 எச்எக்ஸ் போன்றவை 3.6 கிலோ. ஆனால் எடையை மட்டும் வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை. ஒரு கிலோ கூடினால் தோள் ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளும்.

வேகத்திலும் பெரிய மர்மம் இல்லை. இரண்டையும் சுவரில் செருகி ஒரு கனமான 3டி காட்சியை ரெண்டர் போட்டால், அதாவது இறுதிப் படமாக உருவாக்க விட்டால், ஆர்டிஎக்ஸ் 4090 முந்திவிடும், அதுவும் நல்ல இடைவெளி விட்டு. இதில் வாதாட எதுவும் இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது இதெல்லாம் இல்லை. பிளக்கைப் பிடுங்கினால் என்ன மிஞ்சுகிறது என்பதுதான்.

முரட்டு லேப்டாப்பில் ஒரு எக்ஸ்போர்ட் (எடிட் செய்த வீடியோவை இறுதிக் கோப்பாக்கும் வேலை) ஓடும்போது சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். முதலில் ஃபேன் சத்தம் இறங்கும். ஆஹா, அமைதி என்று நினைப்பதற்குள், இறங்கிக்கொண்டிருந்த ‘மீதி நேரம்’ திரும்பி ஏறத் தொடங்கும். எடிட்டிங் டைம்லைனில் முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தால் படம் விட்டுவிட்டு நகரும். திரையின் வெளிச்சம்கூட ஒரு படி குறையலாம். திரும்பச் செருகினால் எல்லாம் பழையபடி. இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை, அதை வடிவமைத்ததே அப்படித்தான்.

காரணம் எளிய கணக்கு. 4090-இன் லேப்டாப் வடிவம் மட்டும் 150 வாட் வரை இழுக்கும், தேவைப்பட்டால் இன்னும் 25 வாட் சேர்த்துக் கொடுக்க வழி உண்டு. பிராசஸருக்கு ஒரு 50 வாட் என்று குறைத்தே வைத்தாலும் மொத்தம் 200. இந்த ரகங்களில் இருக்கும் பேட்டரி சுமார் 99 வாட்-ஹவர், அதாவது 99 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கும் அளவு. முழு வேகத்தில் விட்டால் அரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடும், அதற்குள் பேட்டரியும் சூடேறித் தவிக்கும். அதனால் பேட்டரியில் ஓடும்போது கம்பெனிக்காரர்களே கடிவாளம் போட்டுவிடுகிறார்கள்.

பெரிய பேட்டரி வைத்தால் என்ன என்று கேட்கலாம். வைக்க மாட்டார்கள். விமானத்தில் கேபினுக்குள் முன்னனுமதி இல்லாமல் கொண்டுபோகும் லித்தியம் பேட்டரிக்கு உச்சவரம்பு 100 வாட்-ஹவர். அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அந்தத் தொல்லை உள்ள லேப்டாப்பை யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் எல்லோரும் 99, 99.5, 99.9 என்று கோட்டை ஒட்டி நின்றுகொள்கிறார்கள். உடம்பு எவ்வளவு பெருத்தாலும் வயிறு அதே அளவுதான். சிப்பின் பசி மட்டும் வருடா வருடம் ஏறுகிறது.

மிச்சக் கதை சார்ஜரில் இருக்கிறது. இந்த ரகத்துக்கு 330 வாட் சார்ஜர் சகஜம், டைட்டனுக்கு 400. கையில் எடுத்தால் செங்கல் மாதிரிதான். அது தனியாகவே ஒரு கிலோவை நெருங்கும். விளம்பரத்தில் போடும் எடையில் இது சேராது. முரட்டு ரகம் வைத்திருக்கும் அந்த நண்பரின் சார்ஜர் மேசைக்கு எட்டாமல் தொங்கினால் அந்தக் கனமே பிளக்கை மெல்ல வெளியே இழுத்துவிடும். அதனால் அவர் எங்கே போனாலும் முதலில் பார்ப்பது தரைக்கு அருகே பிளக் பாயின்ட் இருக்கிறதா என்பதைத்தான். இத்தனைக்கும் அவருடைய லேப்டாப் யூஎஸ்பி-சி வழியாகவும் சார்ஜ் ஏறும். ஆனால் அந்த வழியில் 100 வாட்தான். டைப் அடிக்கவும் உலாவவும் அது தாராளம். ரெண்டர் போட்டால், சார்ஜர் செருகியிருக்கும்போதே பேட்டரி சதவீதம் இறங்குவதைப் பார்க்கலாம். யூஎஸ்பி-சியில் 240 வாட் வரை அனுப்பும் தரம் 2021-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் 330 வாட் கேட்கும் இயந்திரத்துக்கு அதுவும் பத்தாது.

இப்போது மேக்புக் பக்கம் வருவோம். 72.4 வாட்-ஹவர் பேட்டரி, பெட்டியில் வருவது 70 அல்லது 96 வாட் சார்ஜர். பேட்டரி சிறியதுதான். ஆனால் சார்ஜரைக் கழற்றினால் வேகம் குறைவதில்லை. எக்ஸ்போர்ட் நேரம் செருகியிருந்தால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவேதான். இது மாயமில்லை. முழு வேலை செய்யும்போதே சிப் கேட்கும் மின்சாரம் பேட்டரி நிம்மதியாகக் கொடுக்கும் அளவுக்குள் இருக்கிறது, அதனால் கடிவாளத்துக்கு அவசியம் வரவில்லை. ஒன்றை மறைக்கக் கூடாது. நாள் முழுக்க வரும் என்று சொல்லப்படுவது எழுதுவது, படம் பார்ப்பது போன்ற லேசான வேலைக்கு. விடாமல் எக்ஸ்போர்ட் போட்டால் ஓரிரு மணி நேரத்தில் இதுவும் கரைந்துவிடும். இருந்தாலும் அந்த ஓரிரு மணி நேரமும் முழு இயந்திரம் கையில் இருக்கிறது.

என் வேலைக்குச் சாதகமான இன்னொரு விஷயமும் உண்டு. வீடியோ எடிட்டிங்கில் பெரும்பாடு, கேமரா சுருக்கி வைத்த கோப்பைப் பிரித்துக் காட்டுவது. அதற்கு முரட்டுக் கோர்கள் வேண்டாம், அந்த வேலைக்கென்றே சிப்பில் ஒதுக்கிய சின்னப் பகுதி போதும். மேக்கில் எச்.264, எச்இவிசி, ப்ரோரெஸ் என்ற மூன்று வீடியோ வடிவங்களுக்கும் அது இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் ஒரு வேடிக்கை. இப்போதைய நல்ல கேமராக்கள் நிற விவரம் கூடுதலாக வைத்துப் பதியும் 10-பிட் 4:2:2 எச்இவிசி கோப்பைப் பிரிக்கும் வசதி 4090-இல் கிடையாது. அந்தப் பாரத்தைச் சுமப்பது பக்கத்தில் இருக்கும் இன்டெல் பிராசஸருக்குள் ஒட்டியிருக்கும் குட்டி கிராஃபிக்ஸ். என்விடியா இந்தக் குறையை 50 வரிசையில்தான் சரிசெய்தது. அத்தனை பணம் கொட்டி வாங்கிய கார்டு வேடிக்கை பார்க்க, இலவசமாக வந்தது உழைக்கிறது.

கார்டின் பெயரிலும் கவனம் வேண்டும். லேப்டாப் 4090-உம் டெஸ்க்டாப் 4090-உம் ஒரே சிப் அல்ல. டெஸ்க்டாப்பில் 24 ஜிபி நினைவகம், 450 வாட். லேப்டாப்பில் அதைவிடச் சிறிய சிப், 16 ஜிபி. லேப்டாப்களுக்குள்ளேயே ஒரே பெயரில் பல அவதாரம். ஆர்டிஎக்ஸ் 4070 என்றால் 35 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும். மெலிந்த உடம்பில் பெரிய பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், டிஜிபி (கார்டு இழுக்க அனுமதித்திருக்கும் மின்சாரம்) எத்தனை வாட் என்று கேளுங்கள். அந்த எண்ணைத் தேடினாலும் கிடைக்காத மாடலை நான் ஒதுக்கிவிடுவேன். அதே சமயம் வாட் கூடக் கூட வேகமும் அதே விகிதத்தில் கூடும் என்றும் எண்ண வேண்டாம். சிப்பின் வேகத்தை உச்சத்துக்குத் தள்ள மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருக்கிறது, செலவாகும் மின்சாரமோ அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப எகிறும். கடைசிக் கொஞ்ச வேகம்தான் பெரும்பாலான சூட்டையும் சத்தத்தையும் கொண்டுவருகிறது. முரட்டு லேப்டாப் வைத்திருப்பவர்கள் செட்டிங்கில் போய் வாட்டைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் ஃபேன் அலறல் கணிசமாகக் குறையும், வேலையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

யாருக்கு முரட்டு ரகம்தான் சரி? நாள் முழுக்க 3டி செய்பவர்களுக்கு. கூடா (CUDA) என்ற என்விடியாவின் மென்பொருள் தளம் இல்லாமல் ஓடாத மென்பொருளை நம்பிப் பிழைப்பவர்களுக்கு, ஏனென்றால் அது என்விடியா கார்டில் மட்டும்தான் ஓடும். கேம் ஆடுபவர்களுக்கும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஆடுவதில்லை, அந்தப் பக்கம் என் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திறந்து மாற்றும் வசதியிலும் முரட்டு ரகத்துக்குத்தான் மார்க். பலவற்றில் ரேம் ஸ்லாட்டும் எஸ்எஸ்டி ஸ்லாட்டும் உண்டு, பின்னால் கூட்டிக்கொள்ளலாம். மேக்கில் ரேம் சிப்போடு ஒட்டியே வருகிறது. வாங்கும் அன்று எடுத்ததுதான் கடைசிவரை, அதனால் மெமரியில் மட்டும் தேவைக்கு ஒரு படி மேலே எடுத்தேன்.

பேட்டரி நீண்ட நாளில் எப்படித் தேயும் என்று என்னுடையதை வைத்துச் சொல்ல அதற்கு இன்னும் வயதாகவில்லை. எப்போதும் செருகியே 100 சதவீதத்தில், சூட்டில் கிடக்கும் பேட்டரி சீக்கிரம் தளரும் என்பது லித்தியத்தின் பொதுக் குணம். முரட்டு லேப்டாப்பின் வாழ்க்கையே அந்த நிலையில்தான் கழிகிறது. அதை வைத்திருப்பவர்கள் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் செட்டிங் இருந்தால் போட்டுவிடுவது நல்லது.

எனக்கு இன்னும் தீராத ஒரு கேள்வி, இதே வரிசையில் 16 அங்குலம் எடுத்திருக்கலாமா என்பது. எடை 2.14 கிலோ, பேட்டரி 100 வாட்-ஹவர், உள்ளே காற்றுக்கு இடமும் அதிகம். ப்ரோ சிப்புக்கு 14 அங்குல உடம்பு போதும், ஃபேன் சத்தம் எப்போதாவதுதான் காதில் விழுகிறது. ப்ரோவைவிடப் பெரிய மேக்ஸ் சிப் வேண்டும் என்றால் 14-இல் எடுக்கச் சொல்ல மாட்டேன். அந்தச் சூட்டை அந்தச் சின்ன உடம்பில் நீண்ட நேரம் அடக்க ஃபேன் கத்த வேண்டியிருக்கும். மேக்ஸ் என்றால் 16.