டி.எம்.எஸ்.ஓ.வா, கிளிசராலா?
செல்களை உறையவைக்கும்போது பனிப்படிகச் சேதத்திலிருந்து காக்கச் சேர்க்கும் பொருட்கள் இவை இரண்டும். ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களை உறையவைக்க 10% டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்பாக்சைடு) போதும்; சவ்வுக்குள் விறுவிறுவென நுழைந்துவிடும். ஆனால் அறை வெப்பத்தில் கிடக்கக் கிடக்க நச்சுத்தன்மை ஏறும். குளிர்ந்த வளர்ப்பு ஊடகத்தில் முதலிலேயே கலந்து சேருங்கள், உடனே நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிர்வியுங்கள். நீர்க்காத டி.எம்.எஸ்.ஓ.வைச் செல்கள்மேல் ஊற்றவே கூடாது. கலக்கும்போது சூடேறி, அந்த இடத்துச் செல்கள் செத்துவிடும். உருக்கியபின் 10 மடங்கு நீர்த்தாலும் 1% மிஞ்சும், ஆகவே மையவிலக்கில் சுழற்றி வடியுங்கள். எச்எல்-60 என்ற மனித ரத்தப்புற்றுச் செல்களில் இது கட்டாயம்: சுமார் 1.3% இருந்தாலே சில நாட்களில் அவை முதிர்ந்து உருமாறிவிடும்.

கிளிசரால் சாது; நுழைவதும் வெளியேறுவதும் மெதுவாக. சிவப்பணுக்களுக்கு 40% வரை தேவை. உருக்கி நேரே 0.9% உப்புநீரில் போட்டால், கிளிசரால் வெளியேறுமுன் தண்ணீர் உள்ளே பாய்ந்து செல்கள் வெடிக்கும், மேல்திரவம் செக்கச்செவேலென்று நிற்கும். 12%, 1.6%, பிறகு 0.9% உப்புநீர் என்று படிப்படியாகத்தான் கழுவ வேண்டும்.