அரிச்சல்முனையில் நின்றதற்கு இலங்கை போன பில்! 6,840 ரூபாய் போச்சு, நீங்களும் ஏமாறாதீர்கள்

பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் போஸ்ட்பெய்டு சிம் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். நேற்று சாயங்காலம்தான் பில்லைக் கட்டிவிட்டு வந்தேன், வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. 6,840 ரூபாய்!

பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். மாதம் 399 ரூபாய் பிளான், 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 471 ரூபாய். இரண்டு வருடமாக அதற்கு மேல் ஒரு ரூபாய் வந்ததில்லை. இந்த மாதம் 7,311 ரூபாய், அதாவது 6,840 ரூபாய் கூடுதல். எதற்கு என்று பார்த்தால் ‘இதர பயன்பாட்டுக் கட்டணம்’ என்று ஒற்றை வரி. எந்தத் தேதி, என்ன பயன்பாடு, ஒன்றும் கிடையாது.

இதற்கெல்லாம் ஆரம்பம் போன மாதம் சிம் மாற்றப் போன மொபைல் கடை. கவுண்டரில் இருந்த பையனிடம் பேச்சுவாக்கில், தனுஷ்கோடிப் பக்கம் மீன் எடுக்கப் போனால் டவர் கிடைப்பதில்லை என்றேன். “அதுக்கு ஒரு செட்டிங் இருக்குக்கா, போட்டுத் தரேன்” என்று போனைக் கேட்டான். கொடுத்தேன். கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தான். ஓடிபி வந்தது, திரையைப் பார்த்து அவனே போட்டுக்கொண்டான். “இதுக்குத் தனியா காசு வருமா தம்பி?” என்று வாய்விட்டுக் கேட்டேன். “ஒரு பைசா வராதுக்கா, நான் இருக்கேன்ல” என்றான். என் கடைசித் தம்பி வயசு. வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு, தண்ணீர் பாட்டிலையும் நீட்டினான். நம்பிவிட்டேன்.

அவன் போட்டுக் கொடுத்தது இன்டர்நேஷனல் ரோமிங், அதாவது வெளிநாட்டு டவரிலும் போன் வேலை செய்கிற வசதி. டேட்டா ரோமிங்கையும் ஆன் பண்ணியிருக்கிறான்.

அடுத்த வாரம் கரைவலை மீன் எடுக்க, தனுஷ்கோடி தாண்டிக் கடைசியில் இருக்கிற அரிச்சல்முனை போனேன். ஒரு பக்கம் ஆண்கடல் இரைகிறது, மறுபக்கம் பெண்கடல் குளம் மாதிரி கிடக்கிறது. போனில் டவர் முழுசாக நின்றது. அந்தப் பையன் நல்லது செய்திருக்கிறான் என்று மனதார வாழ்த்தினேன். மணலில் கொட்டிய நெத்தோலி துள்ளத் துள்ள வீடியோ எடுத்து, பதினோரு பேருக்கு அனுப்பினேன். நாற்பது நிமிடம் இருக்கும். நான் பிடித்தது தலைமன்னார்ப் பக்கத்து டவர். அது அங்கிருந்து முப்பது கிலோமீட்டர்தான். நமக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம் என்பதால் போன் கடிகாரமும் மாறாது. இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் வந்திருக்கிறது, ஆர்டர் மெசேஜ்களுக்கு நடுவில் நான் அதைப் பார்க்கவே இல்லை.

கஸ்டமர் கேரில் நாலு முறை பேசினேன். முதல் ஆள், சிஸ்டம் போட்ட பில், மாற்ற முடியாது என்றார். மூன்றாவதாகப் பேசிய பெண், “மேடம், அன்னைக்கு நீங்க ஸ்ரீலங்காவுல இருந்திருக்கீங்க” என்கிறார். பாஸ்போர்ட்டே இல்லாதவளைப் பார்த்து! அரிச்சல்முனை ராமநாதபுரம் மாவட்டம் என்று எத்தனை முறை சொன்னாலும், “எங்க ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு” என்ற ஒரே பதில். புகாரைப் பதிவு செய்த மறுநாளே ‘தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ் வந்துவிட்டது. யாருக்குத் தீர்ந்தது?

பஸ் ஏறி ராமநாதபுரம் ஆபீசுக்குப் போனேன். டோக்கன் போட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து, “முதல்ல கட்டிடுங்க, அப்புறம் பார்க்கலாம்” என்றார்கள். அவுட்கோயிங்கை வெட்டிவிட்டதால் வேறு வழியில்லாமல் கட்டினேன். அந்தக் கடைக்குப் போனால், “கம்பெனி பில்லுக்கு நாங்க பொறுப்பில்லக்கா” என்று முகத்தைக்கூட நிமிர்த்தாமல் சொல்கிறான். அன்றைக்கு ‘நான் இருக்கேன்ல’ என்றவன் இவன்தான். 6,840 ரூபாய்க்கு எத்தனை கிலோ நெத்தோலியை உப்புப் போட்டு, வெயிலில் புரட்டிப் புரட்டிக் காய வைக்க வேண்டும் என்று இவர்களுக்குத் தெரியுமா?

இப்போதே போனை எடுத்து டேட்டா ரோமிங்கை ஆஃப் பண்ணுங்கள். நெட்வொர்க்கை ஆட்டோமேட்டிக்கில் விடாமல் நம் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள். கடையில் ஓடிபி வந்தால் முழுசாகப் படிக்காமல் கொடுக்காதீர்கள். கஸ்டமர் கேரில் பேசினால் புகார் எண் வாங்காமல் வைக்காதீர்கள். அந்த எண்ணை வைத்துத்தான் கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியும், 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதி இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915. வேறு என்ன சொல்வது, இப்போதைக்கு இவ்வளவுதான் தோன்றுகிறது.

போன் கம்பெனி மேல் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் சரியான பதில் வராவிட்டால் மனு போடுவேன். அன்றைக்கு வலை இழுத்த அண்ணன்மார் இரண்டு பேர், நான் அரிச்சல்முனையில்தான் நின்றேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.