10 அங்குல டேபிள் சா: எந்த வெட்டுக்கு எந்த பிளேடு?

காரைக்குடியில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. பாதி வேலை பழைய பர்மா தேக்கில் மேசை, பெஞ்சு, ஊஞ்சல் பலகை. மீதிப் பாதிதான் சோறு போடுகிறது: பிளைவுட், மைக்கா, சமையலறை அலமாரி. இரண்டையும் ஒரே 10 அங்குல டேபிள் சாவில்தான், அதாவது 10 அங்குல வட்ட பிளேடு மேசைக்கு மேலே நீட்டிக்கொண்டு சுற்றுகிற ரம்ப மெஷினில்தான் அறுக்கிறேன். 1600 வாட் மோட்டார், நிமிஷத்துக்கு 4300 சுற்று. பெரிய மெஷின் கிடையாது. இதில் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டும் நான்கு பிளேடுகளைப் பற்றி எழுதுகிறேன். புதிதாக மெஷின் வாங்குகிறவர்களுக்கு, பிளேடில் எங்கே காசு போடலாம், எங்கே வேண்டாம் என்று தெரிய உதவும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பிளேடு கூடுதலாக வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் 24 பல் பிளேடை வாங்குங்கள். கடையில் அதை எடுத்துக் காட்டவே மாட்டார்கள். "பல்லு கூடக் கூட பிளேடு நல்லது அண்ணே" என்று 80 பல்லை எடுத்து மேசை மேல் வைப்பார்கள். 80 பல் மோசமில்லை. ஆனால் அதன் வேலை வேறு, மரக்காரனுக்குத் தினமும் இருக்கிற வேலை வேறு.

மெஷினோடு வந்த 40 பல் பிளேடைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் செய்யும், எதையும் முழுசாகச் செய்யாது. பிளைவுட்டைக் குறுக்கே அறுத்தால் அடிப்பக்கம் பிசிறு அடிக்கும். ஒன்றரை அங்குலத் தேக்கை நீளவாக்கில் கிழித்தால் மோட்டார் முனகும். அதிலும் தேக்கு பிளேடைத் தின்கிற மரம். அதன் உடம்பிலேயே சிலிக்கா இருக்கிறது, அதாவது மணலில் இருக்கிற அதே சரக்கு. ரப்பர் மரத்தில் மாதக்கணக்கில் ஓடுகிற பிளேடு, தேக்கில் சீக்கிரமே மழுங்குவதற்கு அதுதான் காரணம். பல்லில் கார்பைடு என்கிற மிகக் கடினமான முனை வைக்காத வெறும் இரும்பு பிளேடு தேக்குக்கு ஆகவே ஆகாது.

அடுத்து 24 பல். நான் வைத்திருப்பது ஃப்ராய்ட், சிவப்புப் பூச்சு பிளேடு. இத்தாலிக் கம்பெனி, இப்போது போஷ் குழுமத்தின் கையில் இருக்கிறது. பல்லின் நுனி தட்டையாக இருக்கும், சின்ன உளிகளை வட்டமாக அடுக்கி வைத்த மாதிரி. ஒவ்வொரு பல்லும் சுமார் 20 டிகிரி முன்னால் சாய்ந்திருக்கும். மரத்தைத் தானே உள்ளே இழுத்துக்கொள்வது அந்தச் சாய்வால்தான். நாம் தள்ள வேண்டிய பலம் குறைவு.

ஆனால் முக்கியமான விஷயம் பல் இல்லை, பல்லுக்கு முன்னால் இருக்கிற குழி. மரத்தை நீளவாக்கில் கிழிக்கும்போது தூள் வராது, நீள நீளமான நார்ச் சுருள் வரும். அது மரத்தை விட்டு வெளியே வரும்வரை தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும். 10 அங்குல பிளேடின் சுற்றளவு ஏறக்குறைய 800 மி.மீ. 24 பல் என்றால் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 33 மி.மீ. இடைவெளி. 80 பல் என்றால் வெறும் 10 மி.மீ. அந்த 10 மி.மீ.க்குள் குழி எவ்வளவு பெரிதாக இருந்துவிட முடியும்? கால் பங்கு வெட்டுவதற்குள் நிறைந்துவிடும். அப்புறம் பல் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் தேக்கின் எண்ணெயும் பிசினும் பிளேடில் ஒட்டும், மரத்தின் ஓரத்தில் காபிப்பொடி நிறத்தில் தீய்ந்த தடம் விழும். அந்தத் தடத்தை எடுக்க இழைப்புளியோடு மல்லுக்கட்டுவதற்கு, பிளேடை மாற்றுகிற நேரம் குறைவு.

ஃப்ராய்டின் 24 பல்லில் கிழித்த ஓரம் எப்படி இருக்கிறது? இரண்டு தள்ளு இழைப்பில் பசை போடத் தயாராகிவிடும். சில பலகைகளுக்கு அதுவும் தேவையில்லை. குறுக்கு வெட்டுக்கு மட்டும் இதைப் போடாதீர்கள். நாரை அறுக்காது, பிய்க்கும்.

இந்த பிளேடுக்கு இன்னொரு வேலை உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. டிராயர் அடிப்பலகைக்குக் காடி, அதாவது பலகை செருகுகிற நீளப் பள்ளம் எடுப்பது. தட்டைப் பல் என்பதால் காடியின் அடி தட்டையாக விழும். ஒரு பல் இடமும் அடுத்த பல் வலமுமாக மாற்றிச் சாய்ந்த பிளேடில் எடுத்தால் காடியின் அடியில் இரண்டு ஓரத்திலும் கோடு கீறின மாதிரி பள்ளம் விழுந்து நடுவில் மேடு நிற்கும். டிராயரின் பக்கவாட்டில் அது வெளியே தெரியும். 3.2 மி.மீ. வெட்டு அகலம் உள்ள பிளேடில் 6 மி.மீ. பிளைவுட்டுக்குக் காடி வேண்டுமென்றால் ஒரு வெட்டு, ஃபென்ஸை, அதாவது மரத்தை ஒட்டித் தள்ளுகிற பக்கச் சட்டத்தை 2.8 மி.மீ. நகர்த்தி இன்னொரு வெட்டு. காடி குடைகிற ரௌட்டர் மெஷினை எடுத்து மாட்டுகிற நேரத்தில் நான்கு டிராயர் முடிந்துவிடும். நம் கடைகளில் 6 மி.மீ. என்று விற்கிற பிளைவுட் பல நேரம் 6 இருக்காது. அதனால் துண்டை வைத்துப் பார்த்துவிட்டு நகர்த்துங்கள்.

வெட்டு அகலம் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதையும் பேசிவிடலாம். முழு அகல பிளேடு 3.2 மி.மீ. மரத்தைத் தூளாக்கும். மெல்லிய பிளேடு 2.4 மி.மீ. அளவில் இருக்கும். ஒரு பலகையில் பத்து வெட்டுப் போட்டால் 8 மி.மீ. மிச்சம். இந்த ஊரில் அது சின்ன விஷயமில்லை. செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கிறபோது வருகிற உத்தரமும் தூணும் நிலையும் பழைய சாமான் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வந்து சேரும். நூறு வருஷம் வெயில் மழை பார்த்த மரம், இனி அசையாது. விலையும் அதற்குத் தகுந்த மாதிரிதான். சின்ன மோட்டாருக்கும் மெல்லிய பிளேடு லேசாக இருக்கும். ஆனால் ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். பிளேடுக்குப் பின்னால் நிற்கிற தகடு, பிளேடின் உடம்பை விடத் தடிமனாகவும் பல்லின் வெட்டு அகலத்தை விட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். பல்லின் அகலத்தை விடத் தகடு தடித்திருந்தால் மரம் பாதி வழியில் போய் நின்றுவிடும். உடனே நம் ஆட்கள் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவார்கள். அந்தத் தகடு இல்லாமல், கிழித்த மரம் மூடிக்கொண்டு பிளேடைப் பிடித்தால், பலகை நம் வயிற்றை நோக்கி எகிறி வரும். பல்லின் நுனி மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. தகடு எத்தனை மி.மீ. என்பது அதிலேயே அச்சடித்திருக்கும். அதை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

குறுக்கு வெட்டுக்கு நான் 60 பல் வைத்திருக்கிறேன். ஒரு பல் இடது பக்கம் சாய்ந்திருக்கும், அடுத்தது வலது பக்கம். இரண்டு பக்கமும் நாரை முதலில் கீறிவிட்டு அப்புறம் நடுவை எடுக்கும். கதவுச் சட்டத்தின் முனையை இதில் அறுத்தால் உப்புத்தாள் போடாமலே பொருத்தலாம். பிளைவுட்டிலும் நன்றாக வேலை செய்கிறது. இதே மாதிரி சாய்ந்த பல் உள்ள 80 பல்லை நண்பர் பட்டறையில் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வீனியர் என்கிற மெல்லிய மரத் தாள் ஒட்டிய பிளைவுட்டில் நன்றாகவே தெரியும். ஆனால் அதற்காகக் கொடுக்கிற கூடுதல் காசில் பாதியைக் கூட நான் திரும்ப எடுக்க மாட்டேன். தினமும் வீனியர் வேலை மட்டும் செய்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம்.

பிசிறுக்கு பிளேடை மட்டும் குறை சொல்லவும் கூடாது. டேபிள் சாவில் பல் மேலிருந்து கீழே இறங்கி அறுக்கும். அதனால் நல்ல முகம் மேலே இருக்க வேண்டும், பிசிறு அடிக்கிற பக்கம் அடியில் போய்விடும். கையில் பிடித்து அறுக்கிற மெஷினில் இதற்கு நேர் எதிர், நல்ல முகம் கீழே. இரண்டு மெஷினும் ஓடுகிற பட்டறையில் புதுப் பையன்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். இரண்டு முகமும் தெரியப்போகிற பலகை என்றால், வெட்டுக் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு அறுங்கள். மேசையில் பிளேடைச் சுற்றி இருக்கிற இடைவெளியை அடைக்க, அங்கே மேசையில் பதிந்து மெஷினோடு வந்த மூடித் தகட்டுக்குப் பதிலாக (பிளேடுக்குப் பின்னால் நிற்கிற தகடு இல்லை) அதே அளவில் ஒரு பிளைவுட் துண்டு செய்து போட்டு, ஓடுகிற பிளேடை மெதுவாக உயர்த்தி அதிலேயே துளை போட்டுக்கொள்ளலாம். துண்டை ஒரு கட்டையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள், கையால் வேண்டாம். 60 பல்லும் இந்தத் துண்டும் சேர்ந்தால் 80 பல்லின் வேலை வந்துவிடும்.

50 பல் காம்பினேஷன் பிளேடு ஒன்று உண்டு. ஐந்து ஐந்து பல்லாகக் கூட்டம் பிரித்திருப்பார்கள். நான்கு சாய்ந்த பல், ஒரு தட்டைப் பல், அப்புறம் ஒரு பெரிய குழி. வாரக் கடைசியில் மட்டும் மர வேலை செய்கிறவர், பிளேடு மாற்ற அலுத்துக்கொள்கிறவர் இதை வாங்கலாம். ஒரு அங்குலத்துக்குக் கீழே இருக்கிற மரத்தில் குறை சொல்ல முடியாது. தடித்த தேக்குக்கு எனக்குப் போதவில்லை.

வாங்குகிற இடத்தில் கவனிக்க வேண்டியது நடு ஓட்டை. என் மெஷினின் தண்டு 25.4 மி.மீ. ஃப்ராய்ட் பிளேடுகள் 30 மி.மீ. ஓட்டையோடு வந்தன. இடையில் ஒரு வளையம் போட வேண்டும், கடையில் புஷ் என்று கேட்டால் கொடுப்பார்கள். அது இறுக்கமாக உட்கார வேண்டும். லேசாக ஆடினாலும் பிளேடு மையம் விலகி, பாதிப் பல் மட்டும் வெட்டும். எவ்வளவு விலை கொடுத்த பிளேடும் அப்போது வீண். அமெரிக்காவில் இருக்கிற சொந்தக்காரரிடம் சொல்லி வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அங்கே 10 அங்குல பிளேடின் ஓட்டை முக்கால் அங்குலம் கூட இல்லை, 5/8 அங்குலம். நம் தண்டில் ஏறாது, ஓட்டையைக் குடைந்து பெரிதாக்கவும் கூடாது.

பிளேடின் மேல் அதிகபட்சச் சுற்று எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். டேபிள் சாவுக்கு அதில் கவலையில்லை. நான் இதைச் சொல்வது மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டி பிளைவுட் அறுக்கிற நம் ஆட்களுக்காக. அது நிமிஷத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடுகிற மெஷின், மரத்துக்கான தடுப்பும் அதில் கிடையாது. சொன்னால் யாரும் கேட்பதில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

சாணை விஷயம். அப்பா காலத்தில் சாயங்காலம் முக்கோண அரத்தை வைத்துக்கொண்டு ரம்பத்துக்குப் பல் தீட்டுவார். கார்பைடு அரத்துக்கு அசையாது. வைரச் சாணைக் கல் வைத்த மெஷினில்தான் தீட்ட முடியும், மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்ப வேண்டியிருக்கிறது. மலிவு பிளேடில் கார்பைடு முனை மெல்லியதாக இருப்பதால் ஓரிரு முறைக்கு மேல் தீட்ட இடமிருக்காது. விலை கூடின பிளேடை வாங்குவதில் இருக்கிற லாபம் இதுதான். வாங்கும்போது முனையின் தடிமனைப் பக்கவாட்டில் பாருங்கள். அப்புறம், மழுங்கிவிட்டது என்று நினைக்கிற பிளேடு பல நேரம் மழுங்கியிருக்காது, பிசின் ஏறியிருக்கும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு பிளேடைக் கழற்றி, சுடுதண்ணீரில் சோப்புத் தூள் கரைத்து ஊறப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துப் பாருங்கள்.

பழைய மரத்தில் ஒளிந்திருக்கிற ஆணிக்கு எந்த பிளேடும் தாங்காது. காந்தத்தை மரத்தின் மேல் மெதுவாக ஓட்டிப் பார்ப்பேன், ஆழத்தில் உடைந்து நிற்கிற ஆணி அதற்கும் தப்பிவிடும். அதனால் உத்தரத்தின் முதல் வெட்டுகளுக்கு அந்த 40 பல் பிளேடைத்தான் போடுகிறேன். அதன் சரியான வேலை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. கண்ணாடி போடாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள், பிய்ந்து போகிற கார்பைடு முனை எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

நான்காவது, மைக்காவுக்கும், மர நாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகைக்கும் 80 பல் டிரிப்பிள் சிப் பிளேடு. ஒரு பல் இரண்டு மூலையும் சீவியது, அடுத்த பல் தட்டை. முதல் பல் நடுவில் குடைந்து போகும், பின்னால் வருவது ஓரங்களைச் சுத்தம் செய்யும். கூரான நுனி இல்லாததால் மைக்காவில் சீக்கிரம் மழுங்காது. சாய்ந்த பல் பிளேடு மைக்காவில் முதலில் அழகாக வெட்டிவிட்டுச் சீக்கிரமே சில்லுப் பெயர்க்க ஆரம்பிக்கும், இது நின்று உழைக்கிறது. மரத்தில் போடுவதற்கு இல்லை, தேக்கில் இதன் வெட்டு ரொம்பச் சுமார். சமையலறை வேலை எடுக்காதவர்கள் இதை வாங்க வேண்டியதே இல்லை. எடுக்கிறவர்கள், அளவெடுக்கப் போகிற முதல் வீட்டு முன்பணத்திலேயே வாங்கிவிடுங்கள்.