பழைய நாளிதழில் துணுக்குத் தேடுவோர்க்கு: குரோனிக்லிங் அமெரிக்கா

அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2007 முதல் இணையத்தில் நடத்திவரும் ‘குரோனிக்லிங் அமெரிக்கா’ என்னும் பழைய செய்தித்தாள் சேமிப்பகத்தை ஆய்வாளர்களும் குடும்ப வரலாறு தேடுவோரும்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். நான் அதற்குள் போய்வருவது துணுக்குகளுக்காக. மோட்டார் கார், வானொலி, தவணைக் கடன், மதுவிலக்கு என்று முன்னேற்றம் எனப் பெயர்பெற்ற எதையும் விட்டுவைக்காமல், 1920-களில் அந்நாட்டு நாளிதழ்கள் இரண்டே வரியில் பகடி செய்த குறிப்புகளைப் படிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் கண்டதில்லை.

காரணம், இங்கே துணுக்கு தனியாகக் கத்தரித்து வைக்கப்படவில்லை. முழுப் பக்கமும் படமாகவே கிடைக்கிறது. தவணையில் கார் வாங்கியவரைக் கேலி செய்யும் வரிகளைப் படித்துவிட்டு இதழைப் புரட்டினால், அதே தவணைக்கு ஆள்பிடிக்கும் விளம்பரம் அரைப் பக்கத்துக்கு நிற்கிறது. ஒரே நாளிதழைப் பத்தாண்டுக்குத் தொடர்ந்து படித்தால் இன்னொன்றும் புலப்படும். 1908-இல் 850 டாலருக்கு வந்த ஃபோர்டின் மாடல் டி கார் 1925-இல் 260 டாலருக்கு இறங்கியது; விலை இறங்க இறங்கப் பகடியும் இடம் மாறி, கார் வைத்திருக்கும் பணக்காரரை விட்டுவிட்டு, கார் இல்லாமல் தெருவைக் கடக்க நேர்ந்த பாதசாரியிடம் வந்து சேர்கிறது. தொகுப்பு நூல்களில் இந்த நகர்வு தெரியாது.

பல துணுக்குகளின் முடிவில் ஒரு சிறுகோடும், அது எடுக்கப்பட்ட வேறொரு நாளிதழின் பெயரும் இருக்கும். இது பழைய வழக்கம். நாளிதழ் அச்சிடுவோர் தங்களுக்குள் இதழ்களை அஞ்சல் கட்டணமின்றிப் பரிமாறிக்கொள்ள 1792-ஆம் ஆண்டுச் சட்டம் இடம்கொடுத்தது. அந்தச் சலுகை 1873-இல் பறிபோன பின்னும், பிறர் நகைச்சுவையை எடுத்தாளும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஒரு துணுக்கு ஊர் ஊராகப் பயணம் செய்வதையும், வழியில் எழுதியவர் பெயரைத் தொலைத்துவிடுவதையும் இங்கே பின்தொடர்ந்து பார்க்கலாம். (இன்று கைப்பேசியில் சுற்றும் நகைச்சுவைகளுக்கு மூதாதையர் இவையே.)

தேடும்போது சற்றுப் பொறுமை வேண்டும். பக்கங்களில் பெரும்பாலானவை நுண்படச்சுருளிலிருந்து (மைக்ரோஃபிலிம்) எடுக்கப்பட்டு எந்திரத்தால் வாசிக்கப்பட்டவை; நம் தேடல் நடப்பது அந்த வாசிப்பில்தான். மை படர்ந்த எழுத்தை எந்திரம் தன் விருப்பப்படி வாசித்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், துணுக்கு எழுதியவர்கள் அகராதிச் சொல்லில் எழுதவில்லை என்பது. மலிவுக் காருக்கு ‘ஃபிளிவர்’ என்றும், விதியை மீறித் தெருவைக் கடப்பவருக்கு ‘ஜேவாக்கர்’ என்றும் அவர்கள் எழுதினார்கள். அந்தச் சொற்களை இட்டுத் தேடினால்தான் வலையில் மீன் விழும். எனக்குக் கைவந்த வழி, தேடலையே விட்டுவிட்டு, ஓர் இதழையும் ஒரு தேதியையும் தேர்ந்து தலையங்கப் பக்கத்துக்குப் போய்விடுவது. வாஷிங்டனின் ‘ஈவினிங் ஸ்டார்’ நல்ல தொடக்கம். அதன் ‘ஷூட்டிங் ஸ்டார்ஸ்’ பத்தியில் வரும் செனட்டர் சோர்கம் என்னும் கற்பனை அரசியல்வாதிக்கு இன்னும் வயதாகவில்லை.

கட்டணமில்லை, பதிவு செய்யவும் வேண்டாம். முன்பு ஒரு தனியார் சேமிப்பகத்தில் சந்தா கட்டிச் சேர ஒரு நிமிடமும், அதிலிருந்து விலக மூன்று மின்னஞ்சல்களும் தேவைப்பட்டதால், இந்த எளிமையின் மதிப்பு எனக்குச் சற்றுக் கூடுதலாகவே தெரிகிறது. பதிப்புரிமை காரணமாக நெடுநாள் 1922-உடன் நின்றிருந்த இதழ்வரிசை இப்போது 1963 வரை நீண்டிருக்கிறது. ஆனால் எல்லா இதழ்களும் இங்கே இல்லை. புகழ்பெற்ற சில நாளிதழ்களை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

கைப்பேசியில் மட்டும் திறக்க வேண்டாம். எட்டுப் பத்திகள் கொண்ட அகலத் தாளை உள்ளங்கை அளவுத் திரையில் இழுத்து இழுத்துப் படிப்பதற்குள், துணுக்கின் முதல் வரி மறந்து இரண்டாம் வரி மட்டுமே கையில் நிற்கும்.