ரேன்சம், ரிடெம்ப்ஷன்: ஒரு வேர், இரு சொற்கள்

ஆள்கடத்தல் செய்திகளில் வரும் ‘ரேன்சம்’ என்ற ஆங்கிலச் சொல்லும், கிறித்தவ இறையியலில் மீட்பைக் குறிக்கும் ‘ரிடெம்ப்ஷன்’ என்ற சொல்லும் ‘ரெடெம்ப்டியோ’ என்ற ஒரே இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. விலை கொடுத்துத் திரும்ப வாங்குதல் என்பதே அதன் பொருள். மக்கள் நாவில் புழங்கிய வடிவம் பழைய பிரெஞ்சில் நடுவிலிருந்த ‘ட’கர ஒலியை இழந்து, ‘ரான்சோன்’ எனச் சுருங்கி ஆங்கிலத்துக்கு வந்தது. கற்றோரின் ஏட்டு வழியே பின்னர் வந்த ‘ரிடெம்ப்ஷன்’ இலத்தீன் உருவத்தைப் பெரும்பாலும் காத்துக்கொண்டது.

ஒன்று பணத்துக்கு, மற்றொன்று ஆன்மாவுக்கு என்று இவற்றைப் பிரிப்பது வழக்கம். அப்பிரிவினை எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. அடகு வைத்த பொருளை மீட்பதும், கடன் பத்திரத்தின் முதிர்வுத் தொகையைத் திருப்பித் தருவதும் இன்றும் ‘ரிடெம்ப்ஷன்’தான், மறுபுறம், 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் இயேசு தம் உயிரை அநேகருக்காகக் கொடுப்பதை ‘ரேன்சம்’ என்றே சொல்கிறது. உண்மையான வேறுபாடு, பொருள் எவ்வாறு கைமாறியது என்பதில் இருக்கிறது. அடகில் உரிமையாளரே பொருளைக் கொடுக்கிறார், மீட்கும் விலையும் முன்பே பேசப்படுகிறது. ‘ரேன்சம்’ கேட்பவனோ வலிந்து பிடித்து வைத்துக்கொண்டு, விலையைத் தானே சொல்கிறான். மேலும், ‘ரேன்சம்’ முதன்மையாகக் கொடுக்கப்படும் தொகையைக் குறிக்கும். ‘ரிடெம்ப்ஷன்’ பெரும்பாலும் மீட்கும் செயலையே குறிக்கும்.

இடைக்காலப் போர்களில் இத்தொகை கைதியின் தகுதிக்கேற்ப ஏறியது. சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் 1192 டிசம்பரில் வியன்னாவுக்கு அருகே பிடிபட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டுக்கு 1,50,000 மார்க் வெள்ளி விலையாகப் பேசப்பட்டது. அதைத் திரட்டக் குடிமக்களின் வருமானத்திலும் அசையும் உடைமைகளிலும் நான்கில் ஒரு பங்கு வரியாகக் கேட்கப்பட்டது. அவர் 1194 பிப்ரவரியில்தான் விடுதலையானார். 1360இல் பிரான்சில் சிறைப்பட்டிருந்த இளைஞர் சாசரை மீட்பதற்கோ இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு 16 பவுண்டு கொடுத்தார். அந்தச் சாசரே பின்னாளில் ஆங்கிலத்தின் பெருங்கவிஞரானார்.

கிரேக்கத்தில் இதற்கு இணையான ‘லூட்ரோன்’, அவிழ்த்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. இலத்தீன் சொல் வாங்குபவனின் செலவைப் பேச, கிரேக்கச் சொல் கைதியின் கட்டு அவிழ்வதைப் பேசுகிறது. மனிதரைப் பொறுத்தவரை கிரேக்கப் பார்வையே மேலானது என்பேன். கணினிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் நிரலுக்கு ‘ரேன்சம்வேர்’ என்று பெயரிட்டவர்கள் சரியான சொல்லையே தேர்ந்தார்கள்: அங்கும் உரிமையாளர் எதையும் அடகு வைக்கவில்லை, விலையைச் சொல்பவன் பறித்தவனே.